இதயச் செயலிழப்பு மாத்திரைகள்: வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தாதி நான். எல்லாருக்கும் 'மிசி'. ஆஸ்பத்திரி வார்டில் மூன்று ஷிப்ட் போட்டு நாங்கள் செய்கிற வேலையை, வீட்டுக்கு அனுப்பிய மறுநாளிலிருந்து ஒரு மருமகளோ மகளோ தனியாகச் செய்கிறார். சில வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் செய்கிறான். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எண்கள் பொதுவானவை. உங்கள் கிளினிக் புத்தகத்தில் டாக்டர் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

"ஹார்ட் ஃபெயிலியர்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆனா அப்பா நடந்துகிட்டுதானே இருக்காரு?"

நடப்பார். இதயம் நிற்கவில்லை, உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. ஈகோ ஸ்கேன் தாளில் 'ஈ.எஃப்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். அது 40 அல்லது அதற்குக் கீழே என்றால் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். ரத்தம் குறைவாக வந்தவுடன் சிறுநீரகம் உடம்பில் நீர் வற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர்தான் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் இளைப்பாகவும் தெரிகிறது.

"ஒரு நோய்க்கு எதுக்கு இத்தனை மாத்திரை? ரெண்டைக் குறைக்கச் சொல்லலாமா?"

சொல்லிப் பார்க்கலாம், டாக்டர் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்றவை ரத்தக் குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்கும். அவற்றுக்குப் பதிலாகச் சிலருக்கு வல்சார்டான் அல்லது சக்குபிட்ரில்-வல்சார்டான் கொடுப்பார்கள். பிசோப்ரோலோல், கார்வெடிலோல் துடிப்பை நிதானப்படுத்தும். ஸ்பைரோனோலாக்டோன், உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனைத் தடுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியாகச் சர்க்கரையோடு உப்பையும் நீரையும் வெளியேற்றும். இந்த நாலு வகையும் ஆயுளைக் கூட்டுபவை என்று பெரிய ஆய்வுகளில் உறுதியானவை. கடுமையான நோயாளிகளிடம் ஸ்பைரோனோலாக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைத்ததாக 1999இல் வெளியான ஆய்வு சொன்னது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த ஆய்வையே முன்கூட்டி முடித்துக்கொண்டார்கள். டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவு இல்லாத இதய நோயாளிக்கும் உதவுகிறது என்று 2019இல் தெரிந்தது. அதனால் "அப்பாவுக்கு இனிப்பு நீரே இல்லை, தப்பா இனிப்பு நீர் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று அதை எடுத்து ஓரம் வைத்துவிடாதீர்கள்.

லேசிக்ஸ் (ஃபுருசமைட்) தனிக் கணக்கு. அது தேங்கிய நீரை இறக்கி மூச்சுக்கு இதம் தரும், ஆனால் இதயத்தின் பலத்தை அது கூட்டாது. வீடுகளில் நான் பார்ப்பது தலைகீழாக இருக்கிறது. போட்டவுடன் வேலை காட்டுவதால் லேசிக்ஸுக்கு மரியாதை அதிகம். வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே வேலை செய்கிற மற்ற நாலும் டப்பாவில் மிஞ்சிக் கிடக்கும்.

"காலையில மாத்திரை கொடுக்கிறதுக்கு முன்னால என்னென்ன பார்க்கணும்?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. மாத்திரையைக் கையில் கொடுக்க அரை நிமிடம் போதும். தாதியின் வேலை அந்த அரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

எழுந்து, சிறுநீர் கழித்து, தேத்தண்ணி குடிக்கும் முன் எடை பாருங்கள். தினமும் அதே தராசு, ஏறக்குறைய அதே உடுப்பு. தராசைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். பழைய லயத்து வரிசை வீட்டுப் பலகைத் தரையிலும் மெத்தென்ற விரிப்பின் மேலும் எடை தப்பாகக் காட்டும். பார்த்த எடையை மளிகைக்கடை காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதுங்கள். தனி நோட்டு போட்டால் மூன்றாம் நாள் தொலைந்துவிடும். காலண்டர் சுவரில்தான் இருக்கும், வருகிற பிள்ளைகள் கண்ணிலும் படும்.

அடுத்தது பிரஷரும் நாடியும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுங்கள். மெஷின் காட்டும் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு மெஷின் தடுமாறும். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இந்த நோயாளிக்குச் சரிவராது.

பிறகு காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? நேற்றைவிட உயரத்தில் நிற்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தண்ணீர் காலில் சேராது, இடுப்புக்குப் பின்னால் சேரும். அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: "ராத்திரி எத்தனை தலையணை?" இரண்டு வைத்துத் தூங்கியவர் மூன்று கேட்டால், அல்லது நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்திருந்தால், கால் வீங்காவிட்டாலும் நீர் ஏறுகிறது. "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டால் நம் ஆட்கள் "நல்லாதான்மா இருக்கேன்" என்பார்கள். தலையணைக் கணக்கில் அந்தச் சமாளிப்பு நடக்காது.

"எடை எவ்வளவு ஏறினா கிளினிக்குக்குப் போன் பண்ணணும்?"

மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால் அன்றே. அது சாப்பாட்டுச் சதை இல்லை, தண்ணீர். ஏறக்குறைய 2 லிட்டர் உள்ளே தங்கியிருக்கிறது. மூச்சு இரைக்கும் வரை காத்திருந்தால் வார்டில்தான் போய் முடியும். எடை ஏறும் கட்டத்திலேயே பிடித்தால் பல சமயம் லேசிக்ஸ் அளவைக் கூட்டியே சமாளித்துவிடுவார்கள். எவ்வளவு கூட்டுவது என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் நீங்களாகக் கூட்டாதீர்கள்.

எடை இறங்குவதும் சேதிதான். 2 கிலோ இறங்கி, நாக்கு வறண்டு, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் நீர் அளவுக்கு மேல் போய்விட்டது. அதையும் தெரிவியுங்கள்.

"அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போறாரு. விடிய முன்னாடி லேசிக்ஸ் போட்டா காட்டுல எங்கே ஒதுங்குவாரு? அதனால போடுறதே இல்லை."

இப்படி நிறுத்துகிறவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். லாரி ஓட்டுகிறவர்களும் தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று அங்கே எழுதப்படும், காரணம் மட்டும் எழுதப்படாது.

லேசிக்ஸைக் காலையில் போடச் சொல்வது ராத்திரித் தூக்கம் கெடாமல் இருக்கத்தான், வேறு சாஸ்திரம் இல்லை. வாய்வழி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணி நேரம்போல் நிற்கும். விடிகாலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்து, மதியம் வீட்டுக்கு வருகிறவர் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். இருவேளை மாத்திரை என்றால் இரண்டாவது சாயங்காலம் நாலு மணியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. கிளினிக்கில் பார்மசிஸ்டிடம் வேலை நேரத்தைச் சொல்லி நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். கோவில் திருவிழா, கல்யாணம், ஈப்போவுக்குப் பஸ் பயணம் எதுவானாலும் இதே மாதிரி சில மணி நேரம் தள்ளலாம். அந்த நாளையே விட்டுவிடக் கூடாது.

வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்து: அவசரமாகக் கக்கூசுக்கு எழுந்து ஓடி விழுவது. லயத்துப் பின்கட்டில் ஈரத்தரை என்றால் மாத்திரை நேரத்துக்கு யாராவது பக்கத்தில் இருங்கள்.

"பிரஷர் 96தான் காட்டுது. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

தலை சுற்றல், கண் இருட்டல் இல்லாமல், வழக்கம்போலப் பேசி நடமாடுகிறாரா? கொடுங்கள். இந்த நோயாளிகள் 100க்குப் பக்கத்திலேயே நன்றாக வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டு ரத்தக்கொதிப்புக்காரரின் 140ஐ இவருக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். மேல் எண் 90க்குக் கீழே போனாலோ, எழுந்து நின்றால் தள்ளாடினாலோ, அன்றைய மாத்திரையைக் கொடுக்கும் முன் கிளினிக்கைக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குவதால் வரும் தலைசுற்றல் என்றால், பெரிண்டோப்ரிலைக் காலையிலும் பிசோப்ரோலோலை ராத்திரியிலும் பிரித்துப் போடச் சொல்வார்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த பிறகு எழச் சொல்லுங்கள்.

"பிசோப்ரோலோல் ஆரம்பிச்சதிலிருந்து ஆள் சோர்ந்து போயிட்டாரு. இது நல்லதா கெட்டதா?"

முதல் சில வாரம் சோர்வு வரும், பெரும்பாலும் கழியும். அதனால்தான் மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேகம் காட்டாமல் ஏற்றுகிறார்கள். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து, துடிப்பு எகிறி நெஞ்சுவலிவரை கொண்டுபோகும். நாடி 50க்குக் கீழே இருந்தால், மயக்கம் வந்தால், சோர்வோடு எடையும் ஏறினால் அன்றே காட்டுங்கள். கார்வெடிலோல் என்றால் சாப்பாட்டோடு கொடுங்கள்.

இனிப்பு நீர் இருந்து இன்சுலின் போடுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் விரல் குத்திப் பாருங்கள்.

"இருமல் நிக்கவே மாட்டேங்குது. சளி மருந்து வாங்கலாமா?"

முதலில் எந்த இருமல் என்று பிரிக்க வேண்டும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போடுகிறவர்களில் சிலருக்குத் தொண்டை அரித்து, சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். இரவு பகல் என்று பார்க்காது. அதற்குச் சளி மருந்து கேட்காது, டாக்டர் வல்சார்டான் வகைக்கு மாற்றுவார். படுத்தால் கூடி, எழுந்து உட்கார்ந்தால் அடங்கும் இருமல் நுரையீரலில் நீர் ஏறும் அடையாளம். அது காத்திருக்காது.

இருமலுக்கு அதிமதுரம் கடித்துச் சப்புவது நம் பழக்கம். இந்த நோயாளிக்கு வேண்டாம். அதிமதுரம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மாத்திரைகள் செய்யும் வேலைக்கு நேர் எதிர்.

உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்கினால் மேலே படிக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கு 999 அடியுங்கள். அபூர்வம்தான், வந்தால் மூச்சுக்குழாயை அடைக்கும்.

"இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே, கொடுக்கலாமா?"

ஸ்பைரோனோலாக்டோனும் பெரிண்டோப்ரிலும் சேர்ந்து போடுகிறவருக்குத் தினமும் வேண்டாம். இரண்டும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. ஒரு கிளாஸ் இளநீரில் ஏறக்குறைய ஒரு வாழைப்பழத்தில் உள்ள அளவு பொட்டாசியம் இருக்கிறது, சாலையோரம் ஒரு காயை முழுசாகக் குடித்தால் ஒரு கிளாஸோடு நிற்பதில்லை. பொட்டாசியம் மிதமிஞ்சினால் இதயத் துடிப்பே தடம் புரளும், பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல். அதனால்தான் இந்த மாத்திரை தொடங்கி ஒரு வாரத்திலும் பிறகு ஒரு மாதத்திலும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் மாத்திரை அளவைக் குறைப்பார்கள், 6ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். "நல்லாதானே இருக்காரு, எதுக்கு ரத்தம்?" என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சூப்பர்மார்க்கெட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் கலந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று நல்ல எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள், ஆனால் இவருக்கு அது ஆகாது.

ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பில் வலியும் வீக்கமும் கொடுக்கும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையைத் தூர எறிகிற மாமாக்கள் உண்டு. மாற்று மாத்திரை இருக்கிறது, சொன்னால் மாற்றித் தருவார்கள்.

"டாபாகிளிஃப்ளோசின் போட்டா அரிப்பு வருமா?"

சிறுநீரில் சர்க்கரை போவதால் மறைவிடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம். கழித்த பின் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைப்பது பாதிக்கு மேல் தடுக்கும். வந்தால் களிம்பு போட்டுச் சரிசெய்யலாம், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

"வயித்தால போகுது, வாந்தியும். அன்னைக்கும் எல்லா மாத்திரையும் கொடுக்கணுமா?"

இல்லை, ஆனால் எதை நிறுத்துவது என்று போனில் கேட்டுச் செய்யுங்கள். உடம்பு நீரை இழக்கும்போது லேசிக்ஸ், ஸ்பைரோனோலாக்டோன், பெரிண்டோப்ரில் வகை, டாபாகிளிஃப்ளோசின் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தை அடித்துவிடும். இவற்றில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காக இறங்கத் தொடங்கி ஓரிரு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வார்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். சாப்பிடாத நிலையில் டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டினாலும் அது நடக்கும். ஆபரேஷன் தேதி வைத்திருந்தால் இந்த மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், சர்ஜனிடம் பெயரைச் சொல்லுங்கள்.

மறுபடி தொடங்கும் நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். நிறுத்தியதை மறந்து மாதக்கணக்கில் விட்டவர்கள்தான் திரும்பவும் வார்டுக்கு வருகிறார்கள்.

"டிகோக்ஸின் மாத்திரைக்கு ஏன் அவ்வளவு பயமுறுத்துறாங்க?"

துடிப்பை அடக்கச் சிலருக்குக் கொடுக்கும் அது, மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைந்த மாத்திரை. ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியிலிருந்து வந்தது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இலேயே அதன் பயனையும் நஞ்சையும் எழுதிவைத்தார். கொடுக்கும் முன் நாடி 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் கேளுங்கள். சாப்பாடு பிடிக்காமல் குமட்டுவது, பார்வை மஞ்சளாகத் தெரிவது, முதியவர் திடீரென்று குழம்பிப் பேசுவது எல்லாம் அளவு மீறியதன் அடையாளம். லேசிக்ஸால் பொட்டாசியம் இறங்கியிருந்தால் இந்த நஞ்சு சீக்கிரம் ஏறும்.

"மூட்டு வலிக்குப் போன்ஸ்டான் போடலாமா?"

கூடாது. போன்ஸ்டான், வோல்ட்டரன், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, லேசிக்ஸின் வேலையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் தாக்கும். தோட்டத்து ஆட்களுக்கு முதுகும் முட்டியும் வலிக்காமல் இருக்காது, பழைய போன்ஸ்டான் ஒரு அட்டை எந்த வீட்டு அலமாரியிலும் கிடக்கும். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போடலாம். ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் நிறைய. வாயுவுக்கு ஈனோ குடிப்பதும் அதே கதை. மேலே தேய்க்கும் தைலத்துக்குத் தடையில்லை.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி 'ஜாமு' மாத்திரைகளை நம்பவே நம்பாதீர்கள். பெயர் மூலிகை, உள்ளே டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ரெண்டு நாளில் வலி பறந்துபோகும், ரெண்டு வாரத்தில் கால் ஊதும். ஆண்களுக்கு ஊக்கம் தருவதாக விற்கும் பாக்கெட் காப்பியும் அப்படியே. ஆண்மைக்குறைவுக்கு டாக்டர் எழுதும் சில்டெனாஃபில் மருந்தையே அதில் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர் அந்தக் காப்பியைக் குடித்தால் பிரஷர் ஒரேயடியாக விழும். இதை மருமகள் மாமனாரிடம் சொல்ல முடியாது என்று தெரியும். என்னைப் போன்றவர்களைச் சொல்ல விடுங்கள், எங்களுக்கு வெட்கம் இல்லை.

"உப்பு எவ்வளவு? தண்ணி எவ்வளவு?"

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதற்கு மேல் வேண்டாம். கல்லுப்பைக் குறைத்துவிட்டோம் என்று பல அம்மாக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். உப்பு வருவது வேறு வாசல் வழியாக: கருவாடு, நெத்திலி சம்பல், பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), டின் சார்டின், ஊறுகாய், அப்பளம். ஒரு பாக்கெட் மெகி மீயில் மட்டும் அந்த நாளின் உப்பில் பாதியளவு போய்விடும். மீ வேண்டும் என்று அடம்பிடித்தால் தூளில் கால்பங்கு போட்டுச் சூப்பைக் கொட்டிவிடுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலையைக் கூட்டினால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆரம்பத்தில் திட்டுவார். சில வாரத்தில் பழகிவிடும், அதற்குப்பின் கடைச் சாப்பாடே உப்பாகத் தெரியும்.

தண்ணீர் எல்லாருக்கும் கட்டுப்பாடு இல்லை. நோய் முற்றியவர்களுக்கு 1.5 லிட்டர் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் தேத்தண்ணி, ரசம், மோர், கஞ்சி, ஐஸ் எல்லாம் சேரும். ஒரு பெரிய பாட்டிலில் காலையிலேயே அளந்து ஊற்றி வைத்து, வேறு எதைக் குடித்தாலும் அந்த அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது சுலபமான வழி.

"பையில மலாய்ல எழுதியிருக்கு. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்."

பையின் மேல் மார்க்கரால் தமிழில் எழுதுங்கள்: எதற்கான மாத்திரை, எந்த வேளை. எழுத்தே தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் போதும். வேளை பிரித்த டப்பா நல்லதுதான், வாரம் ஒருமுறை ஒரே ஆள் நிரப்ப வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது நிறம் மாறும்போது. கிளினிக்குக்கு மருந்து தரும் கம்பெனி மாறினால் அதே பிசோப்ரோலோல் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வரும். புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டு, நாடி நாற்பதில் வந்து நிற்பார்கள். நிறத்தை நம்பாமல் பெயரைப் பாருங்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் பழைய பையை அன்றே வீட்டைவிட்டு அகற்றி பார்மசியில் கொடுத்துவிடுங்கள். குறிப்பாகப் பெரிண்டோப்ரிலிலிருந்து சக்குபிட்ரில்-வல்சார்டானுக்கு மாற்றினால், பழையதன் கடைசி வேளைக்கும் புதியதன் முதல் வேளைக்கும் நடுவே 36 மணி நேரம் கழிய வேண்டும். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் மேலே சொன்ன நாக்கு வீக்கம் வரலாம்.

"ஒரு வேளை மறந்துட்டா?"

நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டையாகக் கொடுக்காதீர்கள்.

"தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன் இருக்கு. விரதமும் நடையும் ஆகுமா?"

சைவமாக இருப்பதில் தடையில்லை. சீனர் கடையில் வாங்கும் சைவ மீன், சைவக் கோழியில் உப்பு அள்ளிப் போட்டிருக்கும், அது மட்டும் வேண்டாம். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இந்த மாத்திரைகளோடு ஆகாது. ஈப்போ குனோங் சீரோ கோவிலுக்கு வெயிலில் பால்குடம் தூக்குவதும் பத்துமலையின் 272 படி ஏறுவதும் இதயத்தின் நிலையைப் பொறுத்தவை. வீட்டில் ஒரு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடனை மகன் தூக்கட்டும், அப்பா அடிவாரத்தில் நின்று கும்பிடட்டும். முருகன் கணக்குப் பார்க்க மாட்டான். போவதென்றால் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, அன்றைய லேசிக்ஸ் நேரத்தை மாற்றி வாங்குங்கள்.

"சாயங்காலம் கொஞ்சம் கள்ளு?"

வேண்டாம். மலிவுச் சாராயமான சம்சு அதைவிட மோசம். குடியால் இதயம் பலவீனமானவர்களுக்கு, குடியை விட்டால் இதயம் ஓரளவு தேறும் வாய்ப்பே உண்டு.

"இப்ப ஸ்கேன்ல இதயம் நல்லா ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. இனிமே நிறுத்தலாம்தானே?"

நல்லாகியிருப்பது மாத்திரையோடு. லண்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள், முடிவு 2018இல் வெளிவந்தது. இதயம் தேறியவர்களில் 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் அந்த ஆறு மாதத்தில் திரும்பவில்லை. நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள், சொல்கிறவர் உறவுக்காரராக இருந்தாலும்.

"ராத்திரி மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் என்ன செய்யறது?"

முதலில் 999. உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலம், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி: இதில் எது இருந்தாலும் விடியும்வரை பார்க்காதீர்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போடுங்கள். மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, சுற்றி நின்று காற்றை அடைக்கவும் கூடாது. தோட்டத்துக்குள் எந்த டிவிஷன், எந்த லயம் என்று ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. மெயின் ரோட்டு முனையில் ஒருவர் மோட்டார்சைக்கிளில் விளக்குப் போட்டு நிற்கட்டும். மாத்திரைப் பைகள், கிளினிக் புத்தகம், ஐ.சி. (அடையாள அட்டை) மூன்றும் எப்போதும் ஒரே துணிப்பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கினால் தேடி அலைய வேண்டாம். காலண்டரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வார்டு டாக்டர் முதலில் கேட்பது போன வாரத்து எடையைத்தான்.

"மாத்திரை தீர்ந்துபோச்சு, கிளினிக் தேதி அடுத்த வாரம்தான்."

அடுத்த வாரம்வரை சும்மா இருக்காதீர்கள். மருந்துச் சீட்டோடு கிளினிக் பார்மசிக்கு இன்றே போங்கள், நோயாளி வர முடியாவிட்டால் வீட்டார் போய் வாங்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). தேதியைவிடப் பஸ்தான் பிரச்சினை என்றால், மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு உண்டா என்று அங்கேயே கேளுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளும் அதே இதய நோயாளிதானே என்று அவருடைய மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர் போடுவது 10 மில்லிகிராமாக இருக்கும், உங்கள் அப்பாவுக்கு 1.25.